வராதவர் திரும்பி வரும் வழி: வயது வந்தோர் வகுப்பு நடத்திக் கற்றவை

எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் மாலை நேர வகுப்பு ஒன்றைத் தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து பல ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். இதுபோன்ற வகுப்பைத் தொடங்க நினைப்பவர்கள் எங்களைத் தேடி வந்தால், எந்தப் பாடநூலை வைத்துக் கற்பிக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பாடநூல் முக்கியம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் நல்ல பாடநூலும் ஆர்வமுள்ள ஆசிரியர்களும் இருந்தும் சில மாதங்களில் கலைந்துபோன வகுப்புகளைப் பார்த்திருக்கிறேன்; எளிய பொருள்களை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிலைத்து நிற்கும் வகுப்புகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, இடையில் வராமல் போனவர் மறுபடி வந்து உட்காருவதற்கு அந்த வகுப்பு எவ்வளவு எளிதாக வழி வைத்திருக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

பெரியவர்களின் வகுப்பில் வராமை விதிவிலக்கு அன்று, அதுவே இயல்பு. உடல்நலக் குறைவு, முதலாளி கடைசி நேரத்தில் சொல்லும் கூடுதல் வேலை, உறவினர் வீட்டுத் துக்கம், மகளின் பிரசவம், திடீரென்று மாறும் பணி நேரம் என ஏதாவது ஒன்று எல்லா வாரமும் யாரையாவது நிறுத்திவிடுகிறது. கற்பிக்க வரும் தன்னார்வலர்களும் வேலையும் குடும்பமும் உள்ளவர்களே என்பதால் அவர்கள் நிலையும் இதுதான். எங்களிடம் படிக்க வந்த இரவுக் காவலர் ஒருவருக்கு ஒரு வாரம் பகல் பணி, மறு வாரம் இரவுப் பணி. ஒரு வாரம் வருவார், அடுத்த வாரம் வரமாட்டார். சென்ற வாரப் பாடத்தின் மேல் இந்த வாரப் பாடத்தை அடுக்கிக்கொண்டே போனால், அவர் எப்போதும் பாதி மட்டுமே கேட்டவராக இருப்பார். சில மாதங்களில் தனக்குப் படிப்பு ஏறவில்லை என்று முடிவு கட்டிவிட்டு நின்றுவிடுவார். அவருடைய பணி நேரத்தை மாற்றும் அதிகாரம் எங்களிடம் இல்லை. பாடத்தின் அமைப்பை மாற்றும் அதிகாரம் இருந்தது.

ஒவ்வொரு மாலைப் பாடமும் அன்றைக்கே தொடங்கி அன்றைக்கே முடியும்படி அமைத்தோம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரே ஒரு எழுத்துத் துண்டுதான் மையம். மாத்திரை அட்டையில் உள்ள குறிப்பாகவோ, பிள்ளையின் பள்ளியிலிருந்து வந்த கடிதமாகவோ, மின் கட்டண ரசீதாகவோ, கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தியாகவோ அது இருக்கலாம். தொடக்க நிலையில் இருப்பவர் அதில் தமக்குத் தெரிந்த எழுத்துகளைத் தேடி வட்டமிடுவார். கொஞ்சம் படிக்கத் தெரிந்தவர் சொற்களைக் கூட்டிப் படிப்பார். நன்றாகப் படிப்பவர் அதற்குப் பதில் எழுதிப் பார்ப்பார். இப்படிச் செய்வதால் நிலைவாரியாகத் தனித்தனி அறைகளும் தனித்தனி ஆசிரியர்களும் தேவைப்படுவதில்லை. அதைவிட முக்கியமாக, மூன்று வாரம் கழித்து வருகிறவரும் அன்றைய பாடத்தில் முதல் நிமிடத்திலிருந்தே பங்கெடுக்க முடிகிறது. எழுத்துகளின் வரிசையான பயிற்சியைக் கடைசி அரை மணி நேரத்துக்குத் தள்ளிவிட்டோம். அது அவரவர் கோப்பில் அவரவர் வேகத்தில் நடக்கும்.

அந்தக் கோப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வகுப்பின் முதுகெலும்பு அதுதான். கற்பவர் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய அட்டைக் கோப்பு ஒன்று வகுப்பறை அலமாரியிலேயே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோனால் தொலைந்துபோகலாம். சில வீடுகளில் கேலிக்கும் ஆளாகலாம். அவர் எழுதிய தாள்கள், அவருக்குத் தேவைப்படும் சொற்களின் பட்டியல், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைத் தன்னார்வலர் எழுதிவைத்த ஒரு சிறு துண்டு ஆகிய மூன்றும் அதில் இருக்கும். அந்தத் துண்டில் ‘கொம்பு போட்ட எழுத்துகளில் குழப்பம், பெ, பே மறுபடி பார்க்கவும், வங்கிச் சீட்டு நிரப்பக் கேட்டார்’ என்ற அளவுக்குத்தான் எழுதுவோம். அடுத்த முறை வேறொரு தன்னார்வலர் உட்கார்ந்தாலும், இதைப் படித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுவார். தன்னை ஒவ்வொரு முறையும் புதிய ஆளிடம் முதலிலிருந்து விளக்க வேண்டியிருப்பதுதான் பெரியவர்களை மிகவும் சோர்வடைய வைக்கிறது என்பதைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன்.

திரும்பி வருகிறவர் வாசலில் நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு நாங்கள் தன்னார்வலர்களுக்குத் தனியாகவே பயிற்சி தருகிறோம். பல வாரங்கள் வராமலிருந்த ஒரு பெண்மணி ஒரு மாலை வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றார். உள்ளே பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் என்று தொடங்கினார். எங்களில் வயதில் இளையவரான ஒரு தன்னார்வலர் எழுந்துபோய், “வாங்கம்மா, உங்க கோப்பு அலமாரியில அப்படியே இருக்கு, எடுத்துக்கிட்டு உட்காருங்க. ஐயா இப்ப எப்படி இருக்காங்க?” என்றார். அவ்வளவுதான். ஏன் வரவில்லை, எத்தனை வகுப்பு போயிற்று, இனிமேலாவது ஒழுங்காக வாருங்கள் என்ற மூன்று பேச்சும் எங்கள் வகுப்பில் கிடையாது. பள்ளியை விட்டவர்களிடம் நிதானமாகப் பேசிப் பாருங்கள், வராத நாளுக்காக வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட நினைவு பலருக்கு இருக்கும். அதே கூச்சத்தை ஐம்பது வயதில் மறுபடி தருவதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை.

இதே காரணத்தால் பெயர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பதில்லை. வாசலருகே ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். வருகிறவர்கள் தாங்களே தங்கள் பெயரை எழுதிவிட்டு உள்ளே வருவார்கள். முதல் நாளில் கோடு மட்டும் போட்டவர், பிறகு முதலெழுத்து, பிறகு முழுப் பெயர் என்று வளர்வது அந்த நோட்டிலேயே தெரியும். யாராவது பின்னோக்கிப் புரட்டித் தம்முடைய பழைய எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதை அடிக்கடி பார்க்கலாம்.

கற்பவரின் வாழ்க்கைக்கு ஏற்ப வகுப்பை வளைப்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அன்று. அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ஜான்ஸ் தீவு என்னும் இடத்தில் 1957-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கறுப்பின மக்களுக்கான முதல் குடியுரிமைப் பள்ளி நடந்தது. வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும் என்ற விதி அங்கே இருந்தது. ஒரு கூட்டுறவுக் கடையின் பின்புற அறையில், வயல் வேலை குறைவாக இருக்கும் குளிர்கால மாதங்களில், வாரத்தில் சில இரவுகள் வகுப்பு வைத்தார்கள். கற்பித்தவர் பெர்னிஸ் ராபின்சன். அவர் தையலையும் சிகையலங்காரத்தையும் தொழிலாகக் கொண்டவர். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் அல்லர். பெரியவர்களைச் சிறுவர்களாக நடத்தும் பழக்கம் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே, டென்னசி மாநிலத்தில் பெரியவர்களுக்குப் பயிற்சி தந்துவந்த ஹைலேண்டர் பள்ளியைச் சேர்ந்த மைல்ஸ் ஹார்டனும் செப்டிமா கிளார்க்கும் தொழில்முறை ஆசிரியரைத் தவிர்த்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று முதல் நாளிலேயே அவர் கேட்டார். பெயரெழுதவும், அஞ்சல் வழிப் பொருள் வாங்கும் படிவத்தை நிரப்பவும், வெளியூரிலிருக்கும் பிள்ளைகளின் கடிதத்தைப் படிக்கவும் வேண்டும் என்று மக்கள் சொன்னார்கள். அதையே பாடமாக்கினார். பருவம், இடம், கற்பிக்கும் ஆள், பாடப்பொருள் ஆகிய நான்கையும் வருகிறவர்களின் பக்கம் நின்று தீர்மானித்ததால்தான் அந்த முறை அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றுக்கும் பரவியது என்று நான் நம்புகிறேன்.

பாடப்பொருளை வருகிறவர்களிடமிருந்தே எடுப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பிரேசிலில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேயிரே 1963-இல் அங்கிக்கோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்த முயற்சி பலருக்கும் தெரிந்திருக்கும். பாடம் தொடங்கும் முன் மக்களின் பேச்சைக் கேட்டு, அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டிய சொற்களைத் திரட்டினார்கள். அந்தச் சொற்களை அசைகளாகப் பிரித்து, அசைகளை மாற்றிச் சேர்த்துப் புதிய சொற்களைக் கற்பவர்களே உருவாக்கும்படி செய்தார்கள். எங்கள் வகுப்பில் இதை எளிய வடிவில் செய்கிறோம். கற்பவர் ஒரு வாக்கியம் சொல்வார், தன்னார்வலர் அதை அப்படியே பெரிய எழுத்தில் எழுதுவார், அதுவே அவருடைய வாசிப்புப் பாடம். ஒரு தாய், “எம்மக வேலைக்குச் சேர்ந்த அன்னைக்குக் கையெழுத்து போட்டதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன்” என்று சொன்னார். எழுதிக்கொண்டிருந்த தன்னார்வலர் ‘என் மகள்’ என்று திருத்த முற்பட்டார். திருத்தாமல் எழுதச் சொன்னோம். தாம் சொன்னது தாளில் எழுத்தாக நிற்பதைப் பார்த்தபோது, அந்தத் தாய் எழுத்துக் கூட்டாமலே வாக்கியத்தை விரலால் தொட்டுத் தொட்டு முழுதும் சொல்லிவிட்டார். பிறகு எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று தாமே கண்டுபிடிக்கத் தொடங்கினார். சில வாரங்கள் கழித்து அதன் கீழேயே எழுத்துத் தமிழிலும் எழுதிக் காட்டினோம். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி அதிகமுள்ள நம் மொழியில் இந்த இரண்டாம் படி கட்டாயம் தேவை. அதை முதல் படியாக வைத்தால், நான் பேசுவது எல்லாம் தவறு போலிருக்கிறது என்ற எண்ணம் முதல் நாளிலேயே வந்துவிடும். இவ்வாறு உருவான தாள்கள் கோப்பில் இருப்பதால், எத்தனை வாரம் கழித்து வந்தாலும் தாம் சொன்ன வாக்கியத்திலிருந்து ஒருவர் மறுபடி தொடங்க முடிகிறது; தாம் சொன்னது யாருக்கும் எளிதில் மறப்பதில்லை.

எழுத்துப் பயிற்சியை அகர வரிசையில் தொடங்குவதில்லை. பேனா பிடித்துப் பழகாத கைக்கு ‘அ’வும் ‘இ’யும் கடினமானவை. ட, ப, ம போன்ற நேர்கோடுகள் மிகுந்த எளிய எழுத்துகளில் தொடங்கினால் முதல் மாலையிலேயே ‘படம்’ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். 247 எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. மெய்யெழுத்துகள் 18-ம் அவற்றோடு சேரும் உயிர்க்குறிகளும் பிடிபட்டுவிட்டால், ஒருசில விதிவிலக்குகள் நீங்கலாக மற்றவை தாமே வந்து சேரும்.

வராமல் போவதற்கான காரணங்களில் சில, வகுப்பறைக்குள்ளேயே இருப்பவை. அவற்றுள் பலரும் கவனிக்காதது கண் பார்வை. நாற்பது வயதைக் கடக்கும்போது கண்ணின் வில்லை நெகிழ்வை இழப்பதால், அருகில் இருக்கும் எழுத்து மங்கத் தொடங்குகிறது. வெள்ளெழுத்து என்று நாம் சொல்வது இதைத்தான். படிக்கத் தெரிந்தவர் இதை உடனே உணர்ந்து கண்ணாடி வாங்கிவிடுவார். இதுவரை படித்தே இராதவருக்கோ எழுத்து மங்கலாகத் தெரிகிறதா, எழுத்தே அப்படித்தான் இருக்குமா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை; தமக்கு மூளை போதவில்லை என்று நினைத்துக்கொள்வார். தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடிப்பது, தலைவலி என்று சீக்கிரம் கிளம்புவது, விளக்குக்கு நேர் கீழே உள்ள நாற்காலியையே தேடுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இப்போது புதியவர் யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே சாதாரணப் பேச்சுபோல இதைக் கேட்டுவிட்டு, தேவைப்பட்டால் கண் பரிசோதனைக்கு அனுப்பிவைக்கிறோம். படிப்பு வராது என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டிருந்த ஒருவர், கண்ணாடி போட்ட பிறகு வகுப்பிலேயே வேகமாகப் படிக்கிறவர்களில் ஒருவராக மாறியதை நேரில் கண்டோம்.

இன்னொரு காரணம் மானம். கற்பவர்கள் தங்கள் வங்கிப் புத்தகம், மருத்துவ அறிக்கை, சில சமயம் நீதிமன்ற அறிவிப்பு முதலியவற்றைக்கூட எங்களிடம் கொண்டுவருகிறார்கள். பேனா கற்பவரின் கையை விட்டு நீங்கக் கூடாது என்பது எங்கள் விதி. அவசரத்தில் தன்னார்வலரே படிவத்தை நிரப்பித் தந்துவிட்டால் அன்றைய வேலை முடியும், ஆனால் அடுத்த படிவத்துக்கும் அவர் வேறொருவர் முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கும். கடவுச்சொல், ஓடிபி எதையும் எங்களிடம் சொல்ல வேண்டாம் என்று முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். படம் எடுப்பதற்கும் அனுமதி இல்லை. நன்கொடை தந்த ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தபோது எடுத்த படம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி, தம் சம்பந்தி வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று ஒரு பெண்மணி வருவதையே நிறுத்திக்கொண்டார். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் காத்து வந்தவர் அவர். அவரைத் திரும்ப அழைத்து வருவது எங்களால் ஆகவில்லை. எவ்வளவு நல்ல நோக்கத்தோடு கேட்டாலும், அன்றிலிருந்து கற்பவர்களின் முகம் தெரியும் படத்தை யாருக்கும் தருவதில்லை.

தன்னார்வலர்களின் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு மாலைக்கு ஒருவர் என்று வைத்தால், அவருக்குக் காய்ச்சல் வந்த நாளில் கதவு பூட்டியிருக்கும். வேலை முடிந்து களைத்து நடந்து வந்து பூட்டைப் பார்த்தவர்கள் மறுபடி வருவது அரிது. ஆகவே எப்போதும் இருவர், சாவியும் இருவரிடம். கற்பவர் வராமலிருக்கலாம், வகுப்பு மட்டும் வராமலிருக்கக் கூடாது என்பதில் மிகக் கண்டிப்பாக இருக்கிறோம்; ஒரே ஒருவர் வந்தாலும் முழு நேரமும் வகுப்பு நடக்கும். புதிதாகச் சேரும் தன்னார்வலரிடம் வாழ்நாள் சேவையை எதிர்பார்ப்பதில்லை. மூன்று மாதம், வாரத்தில் ஒரு மாலை என்று முடிவு தேதியோடு கேட்கிறோம். முடிவு தேதி தெரிந்தவர்கள் அதுவரை தவறாமல் வருகிறார்கள், பெரும்பாலோர் பிறகும் தொடர்கிறார்கள். தொடர முடியாதவர் குற்ற உணர்வு இல்லாமல் விடைபெற்றுப் போகிறார், பிறகு ஓய்வு கிடைக்கும்போது மறுபடி வருகிறார். கற்பவருக்குத் திறந்து வைத்திருக்கும் அதே வழியைத் தன்னார்வலருக்கும் திறந்து வைக்க வேண்டும்.

கற்பிப்பதற்குப் பட்டம் வேண்டுமா என்று தயங்குகிறவர்களுக்கு இரண்டு முன்னுதாரணங்களைச் சொல்வேன். சுவீடனில் ஆஸ்கர் ஓல்சன் 1902-இல் லுண்ட் நகரில் தொடங்கிய படிப்பு வட்டங்களில் நிபுணர் யாரும் இல்லை. சிலர் கூடி நூல்களை வாங்கி, கைமாற்றிப் படித்து, உரையாடினார்கள். படித்து முடித்த நூல்கள் பொது நூலகமாயின. 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓய்வுபெற்றோருக்காகத் தோன்றிய ‘மூன்றாம் வயதின் பல்கலைக்கழகம்’, 1982-இல் பிரிட்டனுக்கு வந்தபோது பேராசிரியர்களைச் சாராமல் ஓய்வுபெற்றோர் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் அமைப்பாக மாறியது. அங்கே தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. கற்றுத் தேர்ந்த பின்தான் கற்பிக்கலாம் என்ற தயக்கம் இல்லாத இடங்களில்தான் சமூகக் கல்வி வேரூன்றியிருக்கிறது.

நிதி தருகிறவர்களோடு எங்களுக்கு உள்ள கருத்து வேறுபாடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நிறுவனம் வருகை விழுக்காட்டை மாதந்தோறும் கேட்டது. குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்தால் உதவி நிற்கும் என்றது. அந்தக் கணக்கைக் காப்பாற்ற வேண்டுமானால், இரவுக் காவலர் போன்றவர்களின் பெயரை நீக்கிவிட்டு வசதியுள்ளவர்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். யாருக்காக வகுப்பு தொடங்கப்பட்டதோ அவர்களை வெளியே தள்ளும் அளவுகோல் அது. நாங்கள் அந்த உதவியை விட்டுவிட்டோம். இப்போது எங்கள் ஆண்டறிக்கையில், மருந்துச் சீட்டைத் தாமே படிக்கத் தொடங்கியவர்கள், படிவம் தாமே நிரப்பியவர்கள், இடையில் நின்று திரும்பி வந்தவர்கள் என்று எழுதுகிறோம். கடைசி வகையினரின் பட்டியல்தான் வகுப்பின் நலத்தைச் சரியாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

வராதவர்களோடு தொடர்பை அறுந்துபோகாமல் வைத்திருக்கக் கைபேசி பெரிதும் உதவுகிறது. வகுப்பு முடிந்ததும் கரும்பலகையைப் படம் பிடித்து, அதிலுள்ளதை ஒருவர் நிதானமாக வாசிக்கும் குரல் பதிவோடு சேர்த்து அனுப்புகிறோம். குரலைக் கேட்டுக்கொண்டே படத்தில் விரலை ஓட்டினால் வீட்டிலிருந்தே ஒரு பாடம் ஆகிவிடும். காவலர் தம் இரவுப் பணியின்போது இதைத்தான் செய்வதாகச் சொன்னார். குழுவில் கேள்வி கேட்டு யாரையும் நெருக்குவதில்லை. தொடர்ந்து மூன்று வாரம் வராதவருக்கு மட்டும் தனியாக ஓர் அழைப்பு போகும்.

அந்த அழைப்பை இப்போது எங்களிடம் படித்து, இன்று தொடக்க நிலையினருக்கு உதவும் ஒரு பெண்மணி ஏற்றிருக்கிறார். நாங்கள் அழைத்தால் மறுமுனையில் மன்னிப்புக் கேட்கும் குரலே வரும். அவர் அழைத்தால், “அக்கா, நானும் நடுவுல நாலு மாசம் வராம இருந்தவதான், வியாழக்கிழமை கிளம்பி வாங்க, நான் வாசல்லயே இருக்கேன்” என்கிறார். வர முடியாது என்பவரிடம் வற்புறுத்துவதும் இல்லை. எந்த மாதம் வசதிப்படும் என்று மட்டும் கேட்டு, அதைத் தம் கையாலேயே அந்தக் கோப்பின் மேல் எழுதிவைக்கிறார். அந்த மாதம் வரும் வரைக்கும் கோப்பை அலமாரியிலிருந்து எடுப்பதில்லை.